தும்பிக்கை வைத்த கடலை

பள்ளிக்கூடச் சிலேட்டு வெளுத்துப்போனால் அதற்காகக் கடைக்குப் போகத் தெரியாத தலைமுறை நாங்கள். வேலியில் கோவை இலை இருக்கும், அடுப்பில் கரி இருக்கும். இரண்டையும் சேர்த்துக் கசக்கித் தேய்த்தால் உள்ளங்கை கறுக்கும், சட்டை கறுக்கும், அம்மாவின் முகம் கறுக்கும், மிச்சமிருந்தால் சிலேட்டும் கொஞ்சம் கறுக்கும். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவப்பு என்ற ரசாயனத்தை ஆரத்தித் தட்டில் கற்றுக்கொண்டோம். பென்சில் சீவலைப் பாலில் ஊறவைத்தால் ரப்பர் ஆகும் என்ற ரசாயனம் மட்டும் இந்த நிமிஷம்வரை கைகூடவில்லை. நீங்களும் ஜியாமெட்ரி பாக்ஸுக்குள் அதை ஊறவைத்து, மூன்றாம் நாள் வாடைக்காக வாங்கிக் கட்டிக்கொண்டவரானால் மேலே படியுங்கள், நாம் ஒருவகையில் சொந்தக்காரர்கள்தான்.

பேரனிடம் 48 நிறக் குச்சிகள் அடங்கிய பெட்டி இருக்கிறது. அதில் ஒன்றைக் காட்டி, "தாத்தா, இது தோல் கலர்" என்றான். வாங்கி என் கையின் மேல் வைத்துப் பார்த்தேன், அவன் பாட்டியின் கையில் வைத்துப் பார்த்தேன், கீரைக்காரம்மாவின் கையில் வைக்கப்போனேன், அவர் முறைத்ததால் விட்டுவிட்டேன். யார் தோல் என்று தெரியாத அந்த நிறத்தை எனக்கு ஏற்கனவே நன்றாகத் தெரியும். அதை டப்பா டப்பாவாகக் கலக்கிய கடையில் வேலை பார்த்தவன் நான்.

1976 கோடை விடுமுறையில், ஒன்பதாம் வகுப்புக்குப் போகுமுன், கோவில்பட்டியில் போர்டும் பேனரும் எழுதுகிற ஓர் அண்ணாச்சியிடம் என்னைக் கொண்டுபோய் விட்டார் அப்பா. "வெயில்ல சுத்துதான், நிழல்ல கெடக்கட்டும்" என்பதுதான் என் கலைப் பயணத்துக்கு அவர் சொன்ன நோக்கம். தகரக் கூரை போட்ட அந்தக் கடையில் நிழல் இருந்ததே தவிர வெயிலைவிடக் குறைந்த சூடு இல்லை. எனாமல் பெயின்ட்டும் டர்பன்டைனும் மண்ணெண்ணெயும் சேர்ந்து வரும் வாடைக்குள் காலையில் நுழைந்தால், மத்தியானச் சோற்றிலும் அதுதான் மணக்கும். இன்றைக்கும் எங்காவது வீட்டு கேட்டுக்கு பெயின்ட் அடிக்கிறார்கள் என்றால் ஒரு நிமிஷம் நின்று இழுத்துக்கொள்கிறேன். டாக்டர்கள் இதைப் படிக்க வேண்டாம்.

முதல் மாதம் முழுக்க என் வேலை நூல் பிடிப்பது. சாக்பீஸ் பொடி தடவிய நூலின் ஒரு முனையை நான் பலகையின் இந்த ஓரத்தில் கட்டைவிரலால் அழுத்திக்கொள்ள வேண்டும், மறுமுனை அண்ணாச்சியிடம். நடுவில் அவர் நூலைத் தூக்கிச் சுண்டினால் 'டப்' என்று ஒரு சத்தம், புகைபோல ஒரு பொடி, பலகையில் முடி கனத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு. ஆயுளில் அவ்வளவு நேரான ஒன்றை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. பிறகு பிரஷ் கழுவுவது, டப்பா திறப்பது, டீ வாங்குவது. பிரஷ்ஷைத் தொட விட்டது அடுத்த வருஷம். எழுத்தின் கீழ் விளிம்பில் பெயின்ட் சேர்ந்து ஒரு சொட்டாகி வழியப்போகும் அந்தக் கண நேரத்துக்குள் துணியால் ஒற்றிவிட வேண்டும். வழிந்துவிட்டால் முதுகில் ஒன்று விழும். "எழுத்து அழப்படாதுலே" என்பார். நான் எழுதிய எழுத்துகள் முதல் ஆறு மாதம் ஓயாமல் அழுதன, கூடவே நானும்.

நிறம் கலக்குகிற நேரத்தில் மட்டும் அண்ணாச்சி முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவார். எதில் எத்தனை சொட்டு என்பது அவருக்கும் அந்தத் தேங்காய்ச் சிரட்டைக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம். அதை அப்போது நான் அற்பத்தனம் என்று நினைத்தேன். ரவிவர்மாவுக்கே இந்தக் கதி என்று பின்னாளில்தான் படித்தேன். திருவனந்தபுரம் அரண்மனையில் எண்ணெய் வண்ணத்தின் சூட்சுமம் அறிந்திருந்தவர் மதுரையிலிருந்து போன ராமசாமி நாயக்கர். சின்னப் பையன் ரவிவர்மாவுக்கு அவர் சொல்லிக்கொடுக்க மறுத்துவிட்டார். நாயக்கரின் சீடரான ஆறுமுகம் பிள்ளைதான் குருவுக்குத் தெரியாமல் வந்து சொல்லிக்கொடுத்ததாகச் சொல்கிறார்கள். சீமையிலிருந்து வந்த சரக்கு, ஓர் அரண்மனைக்கு ஒருவரிடம் இருந்தால் போதுமான வித்தை. அதை அடுத்தவனுக்குச் சொல்லிவிட்டு அவர் எதைச் சாப்பிடுவார்? இன்று செல்போனைத் தட்டினால் எந்த நிறத்தை எப்படிக் கலப்பது என்று பத்து மொழியில் சொல்லித் தருகிறார்கள், மணி அடித்து வரவேற்கிறார்கள், கெஞ்சுகிறார்கள். நானும் நாற்பது வீடியோ பார்த்திருப்பேன். ஒரு சிரட்டை கலக்கியதில்லை.

பேனர்தான் கடையின் திருவிழா. தியேட்டரிலிருந்து ஸ்டில் வரும். பெரும்பாலும் கறுப்பு வெள்ளை, உள்ளங்கையகலம். அதன் மேல் பென்சிலால் கட்டம் போட்டு, காடாத் துணியில் அதே கட்டத்தைப் பெரிதாக நூல் அடித்து, கட்டத்துக்குக் கட்டம் மூக்கையும் முழியையும் கொண்டுபோவார்கள். ஒரு கட்டத்துக்குள் நான் நின்றால் அது கதாநாயகனின் காது. பக்கத்தில் பார்த்தால் பச்சையும் நீலமும் ஊதாவும் அப்பிய வயற்காடு போலிருக்கும். எதிர்ச் சாரி டீக்கடையிலிருந்து திரும்பிப் பார்த்தால் சிவாஜி அழுதுகொண்டிருப்பார். சென்னையில் 1957இல் 'வணங்காமுடி'க்காக சித்ரா தியேட்டர் வாசலில் 80 அடிக்கு சிவாஜியை நிறுத்தினார்கள் என்று அண்ணாச்சி சொல்லும்போது, கடைத் தெரு அளவே தெரிந்த எங்களுக்கு எண்பது அடியைக் கற்பனை செய்யக் கழுத்து போதாது.

நிறம் தெரியாத ஸ்டில்லுக்கு நிறம் கொடுத்தவர்கள் ஓவியர்கள்தான். கொடுத்த நிறம் ரோஸ். வில்லனுக்குப் பச்சை, குடிகாரனுக்கு ஊதா, கதாநாயகன் எந்த ஊர்க்காரனானாலும் ரோஸ். ஒருநாள் எனக்கு அறிவு முற்றி, "நம்ம ஊர்ல யாரு அண்ணாச்சி இந்த நெறத்துல இருக்கா?" என்று கேட்டேன். பிரஷ்ஷை எடுக்காமலே சொன்னார்: "இருந்தா அவன் மூஞ்சிய எதுக்குலே துட்டு கொடுத்துப் பாக்கப்போறான்?" நாங்கள் நிறத்தைக் கலக்கவில்லை, ஊருக்கு இருந்த ஒரு குறையைக் கலக்கினோம் என்று புரிய எனக்கு முப்பது வருஷம் ஆனது. இப்போது கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கும் பையன், கேட்காமலேயே என் முகத்தை இரண்டு தட்டில் வெளுத்துவிடுகிறான். சிரட்டை போய் மவுஸ் வந்திருக்கிறது. ரோஸ் அப்படியேதான் இருக்கிறது.

படம் ஓடி முடிந்ததும் பேனர் துணி கடைக்கே திரும்பி வரும். அதன் மேல் வெள்ளை அடித்து அடுத்த படம். ஒரே துணியில் எம்.ஜி.ஆர். மேல் சிவாஜியும், சிவாஜி மேல் கமலும் சத்தமில்லாமல் படுத்திருப்பார்கள். மழை பலமாகப் பெய்த ஒரு ராத்திரிக்குப் பிறகு, காதலியைக் கட்டிப்பிடித்திருந்த நாயகனின் தோளில் பழைய படத்து வில்லனின் மீசை லேசாகத் தெரிந்ததைப் பார்க்கவே ஊர் கூடியது. தஞ்சைப் பெரிய கோயிலில் நடந்ததும் இதுதான். ஈரச் சுண்ணாம்பு காய்வதற்குள் வரைந்து முடிக்க வேண்டிய சோழர் ஓவியங்களின் மேல் நாயக்கர் காலத்தில் புதிதாக எழுதிவிட்டார்கள், 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி என்ற பேராசிரியர், உதிர்ந்த இடத்துக்கு உள்ளே இன்னோர் ஆட்டம் நடந்துகொண்டிருப்பதைக் கண்டுபிடித்தார். பிறகு தொல்லியல் துறையினர் நாயக்கர் அடுக்கைச் சேதமில்லாமல் உரித்தெடுத்துத் தனிப் பலகையில் ஒட்டினார்கள். எங்கள் எம்.ஜி.ஆரை உரித்தெடுக்கத்தான் யாரும் வரவில்லை.

ஊரில் அப்போது எல்லாருக்கும் குருநாதர் கொண்டையராஜு. சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, ரமணாச்ரமத்தில் கொஞ்ச காலம் இருந்து, நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதிக்கொண்டே ஊர் ஊராகச் சுற்றி, கடைசியில் கோவில்பட்டியில் தங்கிவிட்டவர். நான் கடையில் சேர்ந்த அதே 1976இல் காலமானார். அவரும் அவர் சீடர்களும் எழுதிய லட்சுமியும் முருகனும் பக்கத்திலிருக்கும் சிவகாசியில் அச்சாகி, தினசரிக் காலண்டராக, தீபாவளி வாழ்த்தாக, தேசமெங்கும் போனார்கள். அச்சாபீஸ்கள் அங்கே வளரக் காரணம் பக்தி இல்லை, தீப்பெட்டி லேபிள். காய்ந்த பூமி, தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் ஏற்ற வெயில், அவற்றுக்கு ஒட்ட லேபிள், லேபிள் அடிக்க மிஷின், மிஷின் சும்மா நிற்கும் மாதங்களில் சாமி. கோயிலுக்குள் நுழையும் உரிமைத் தகராறு முற்றி 1899இல் ரத்தக் களரியான ஊர் அது. மதுரை மீனாட்சி கோயில் வாசல் எல்லாருக்கும் திறக்க 1939 ஆனது. அதுவரை வாசலுக்கு வெளியே நின்றவர்களின் வீட்டுச் சுவருக்கு, கருவறைச் சாமியைவிட அதிகச் சிரிப்போடு, மளிகைக்கடை விளம்பரத்தின் தலைமேல் உட்கார்ந்து அம்பாள் தானே வந்துவிட்டாள். மை பட்ட காகிதத்துக்கு ஆசாரம் பார்க்கத் தெரியாது. எங்கள் வீட்டில் வருஷம் முடிந்த காலண்டரை யாரும் எறிந்ததில்லை. தேதித்தாளைக் கிழித்தபின் சாமியை வெட்டிக் கண்ணாடிச் சட்டம் போட்டார்கள். இப்போது காலை ஆறு மணிக்கே செல்போனில் பதினேழு சாமிகள் வந்துவிடுகின்றன, மின்னும் பூக்களோடு. இடம் போதவில்லை என்று போன் சொன்னதும் விரலால் தேய்த்து எல்லாரையும் அனுப்பிவைக்கிறேன். ஒருநாளாவது கன்னத்தில் போட்டுக்கொண்டேனா என்றால் இல்லை.

1978 அக்டோபரில் எங்கள் தொழிலில் அரசாங்கம் கை வைத்தது. பெரியார் சொன்ன எழுத்துச் சீர்திருத்தம் ஆணையாக வந்து, 13 எழுத்துகள் உருமாறின. அதுவரை லை, ளை, னை, ணை நான்கும் தலைக்கு மேல் தும்பிக்கை தூக்கி நின்றவை. போர்டு எழுதுகிறவனின் கைவரிசை தெரிவது அந்தத் தும்பிக்கையில்தான். மெலிந்து கிளம்பி, வளைவில் கனத்து, எழுத்தின் தோளில் பட்டும் படாமலும் இறங்க வேண்டும். எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு 'கடலை மிட்டாய் விற்பனை நிலையம்'. எண்ணிப் பாருங்கள், ஒரு போர்டுக்கு மூன்று யானை. அண்ணாச்சி பெரியார் பக்தர், கறுப்புச் சட்டைகூட ஒன்று வைத்திருந்தார், ஆனாலும் ஆணை வந்த வாரம் முழுக்க யாரிடமும் சரியாகப் பேசவில்லை. "அவர் சொன்னது நியாயம்தான்லே, அச்சுக் கோக்கிறவனுக்கு லேசு, படிக்கிற பிள்ளைக்கு லேசு" என்றார் கடைசியில். தனக்கு என்ன என்று சொல்லவில்லை.

நடைமுறைச் சிக்கல் வேறு. அப்போது கூலி எழுத்துக் கணக்கு. சின்ன போர்டில் எழுத்துக்கு 25 பைசா. முன்பு ஒரே வீச்சில் நின்ற லை இப்போது ஐகாரம் தனி, ல தனி என்று பிரிந்துவிட்டதால் அது ஓர் எழுத்தா இரண்டா என்று ஒரு மிட்டாய்க் கடைக்காரர் வழக்குக்கு வந்தார். "தமிழய்யா ஒண்ணுங்கார், உம்ம கணக்குல ரெண்டு விழுது." அண்ணாச்சி யோசித்து, "ஒண்ணுதான், ஆனா தும்பிக்கை வேணும்னா அதுக்குக் காசு வேண்டாம், சும்மா போட்டுத் தாரேன்" என்றார். அந்தக் கடை போர்டு மட்டும் பல வருஷம் ஆணைக்கு அடங்காமல் மூன்று யானையோடு தொங்கியது. பதினாறு வயதில் எனக்கு அவர்மேல் ஏளனம். புது எழுத்தை விறுவிறுவென்று பழகிக்கொண்டு, தும்பிக்கை போடுகிறவர்கள் எல்லாம் பழம் பஞ்சாங்கம் என்று கடையிலேயே சொல்லிக்கொண்டு திரிந்தேன். எழுத்துக் கலைஞனாக வேண்டியவன், அடுத்த சில வருஷத்தில் பரீட்சை எழுதி வங்கியில் எழுத்தர் ஆனேன். தமிழுக்கு நகைச்சுவை உண்டு.

எழுத்துக் கணக்கில் கூலி என்பதால் ஊர் சுருக்கமாகப் பேசியது. 'கோழி மார்க்', 'சுத்தமான நெய்', 'கடன் இல்லை', இவ்வளவுதான். ஒவ்வொரு சொல்லும் காசு. பிறகு ஃப்ளெக்ஸ் வந்தது, கூலி சதுர அடிக் கணக்காயிற்று. எழுத்து இலவசம், முகமும் இலவசம். கொடுத்த இடத்துக்குள் எத்தனையை அடைத்தாலும் ஒரே காசு. காதுகுத்துக்கு அடிக்கும் ஃப்ளெக்ஸில் காது குத்தப்படும் குழந்தை நடுவில் பட்டாணி அளவுக்கு இருக்க, சுற்றிலும் தாய்மாமன், சித்தப்பா, பங்காளி, வாழ்த்தும் நண்பர்கள், அந்த நண்பர்களின் தலைவர், தலைவரின் தலைவர் என்று நாற்பது பாஸ்போர்ட் படங்கள். உயிரோடிருப்பவர்களின் படத்தை பேனரில் போடக் கூடாதென்று 2017இல் உயர் நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டபோது, எங்கள் தெருவில் ஒருவர் அதை மரண தண்டனையாகவே எடுத்துக்கொண்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை.

நியாயமாகப் பார்த்தால் இதைச் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. 2004இல் நான் வீடு கட்டி, எங்கள் தெருவிலேயே முதல் ஃப்ளெக்ஸை மதுரையிலிருந்து வரவழைத்துக் கட்டியவன். எட்டுக்குப் பத்து. ஒரே ராத்திரியில் அடித்துச் சுருட்டிக் கொடுத்துவிட்டார்கள் என்று வந்தவர்களிடமெல்லாம் வீட்டைவிட அதைத்தான் அதிகம் காட்டினேன். அண்ணாச்சியும் வந்திருந்தார். சாப்பிட்டுவிட்டு, வெற்றிலையோடு அதன் பக்கத்தில் போய் நின்று, ஓரத்தைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாகப் பிடித்து, ஜவுளிக் கடையில் வேட்டி பார்ப்பதுபோல் தடவினார்.

"மழை பெஞ்சா ஒழுகுமா?"

"ஒழுகாது அண்ணாச்சி."

"கிழிஞ்சா ஒட்டுப்போட்டு மேல வெள்ளை அடிக்கலாமா?"

"பெயின்ட் பிடிக்காது. வேற புதுசு அடிச்சுக்கிட வேண்டியதுதான்."

"சரி, சரி" என்றார். "கேசரி நல்லாருந்துச்சு."

அதற்குப் பிறகு ஒன்றிரண்டு வருஷம் லாரி நம்பர் எழுதினார். அப்புறம் அதற்கும் ஸ்டிக்கர் வந்துவிட்டது.

ஸ்டிக்கர் எங்கள் வீட்டு வாசலுக்கும் வந்தது. அம்மா விடியுமுன் சாணி தெளித்து, பச்சரிசி மாவில் தெருவையே பாதி அடைத்துப் போட்ட கோலம், வாசல் சிமென்ட் ஆனதும் கல்மாவுக்கு மாறி, எறும்பை ஏமாற்றி, பிள்ளைகள் அடுக்குமாடிக்குப் போனதும் இரண்டு அடி டைல்ஸுக்குள் ஒட்டிக்கொண்டது. எவ்வளவு பெரிய கோலம் போட வேண்டும் என்பதை எந்தக் காலத்திலும் வீட்டுப் புரோக்கர்தான் தீர்மானித்திருக்கிறார். என் மனைவி போன வருஷம் தஞ்சாவூர் ஓவியம் பழகினாள். பலா மரப் பலகை, துணி ஒட்டப் புளியங்கொட்டைப் பசை, சுக்கான் பொடி, தங்க ரேக்கு என்று ராஜா வீட்டுப் பொறுமைக்குப் பிறந்த கலை. அது ஒரு பெட்டியில் கூரியரில் வந்தது: ஒட்டுப்பலகை, அதில் ஏற்கனவே அச்சடித்த வெண்ணெய்க் கிருஷ்ணன், கல் ஒரு பொட்டலம், தாள் ஒரு சுருள். நாலு நாளில் முடித்துவிட்டாள். நன்றாகத்தான் இருக்கிறது. நன்றாக இருப்பதுதான் என் வருத்தமே.

ஒருநாள் விசேஷத்துக்கு அழியாத சரக்கில் படம் அடிக்கும் விநோதம் எனக்கு முழுதாக விளங்கியது அறுபதாம் கல்யாணத்துக்குப் பிறகுதான். 2022இல் பிள்ளைகள் ஆசைப்பட்டு, நானும் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே எந்தப் போட்டோ என்பதை மட்டும் நானே தேர்ந்துகொடுத்து, பதினைந்து அடிக்கு ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். ரோஸ் நிறத்தில் இருந்தேன். அடுத்த ஐப்பசியில் தங்கை ஊருக்குப் போனால், மாட்டுக் கொட்டகைக் கூரையில் தலைகீழாக நான். அட்சதை விழுந்த நெற்றியில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. "நல்ல கெட்டியான சரக்குண்ணே, தார்ப்பாய் எல்லாம் இதுக்கு முன்னால நிக்காது" என்றாள் தங்கை, என் பெருமையைச் சொல்கிற குரலில். கீழே நின்ற பசு என்னை அண்ணாந்து ஒருதரம் பார்த்துவிட்டு வைக்கோலுக்குத் திரும்பியது.

அந்தத் தங்கையின் மகன்தான் போன தையில் மதுரையில் சாப்பாட்டுக் கடை திறந்தான். பழைய காலத்துக் கடைபோல இருக்க வேண்டுமாம். பழசாகத் தெரியும் மேசைக்குப் புது மேசையைவிட இரண்டு மடங்கு கொடுத்திருந்தான். "மாமா, அந்தப் பழைய யானை லை எழுத இப்ப ஆளே கிடைக்கல, உங்களுக்குத் தெரியும்ல?" அண்ணாச்சி போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம். தெரியும் என்று சொல்லிவிட்டேன். 'தலைவாழை இலைச் சாப்பாடு', இரண்டு தும்பிக்கை. பலகை வந்தது, எனாமல் வந்தது, டர்பன்டைன் வாடையில் எனக்கு வயது பதினாலு ஆனது. மருமகனை நூல் பிடிக்கச் சொன்னேன். கட்டைவிரலை அழுத்தத் தெரியாமல் நழுவவிட்டு, கோடு இரண்டாகத் தெறித்தது. முதல் தும்பிக்கை கனத்துவிட்டது. இரண்டாவது கிளம்பிய இடம் சரி, வளைவும் சரி, இறங்கும்போது கை நடுங்கி நின்றேன், அந்த நேரத்துக்குள் கீழே ஒரு சொட்டு சேர்ந்து, துணியைத் தேடி எடுப்பதற்குள் வழிந்துவிட்டது. முதுகு தன்னால் ஒரு தரம் குறுகியது.

துடைக்கப்போன என் கையைப் பிடித்துக்கொண்டான் மருமகன். "விடுங்க மாமா, விடுங்க, அதுதான் ஒரிஜினல் மாதிரி இருக்கு."

திறப்பு விழாவன்று போய்ப் பார்த்தேன். பலகை உள்ளே கல்லாவுக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது. அதை போட்டோ எடுத்து, வாசலுக்கு இருபது அடியில் ஃப்ளெக்ஸ் அடித்து மாட்டியிருந்தான், மழைக்குத் தாங்குமாம். என் சொட்டு இப்போது என் முழங்கை நீளம் இருந்தது.